நிரலை நிரையாக்கும் மேக்ரோ குழம்பினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

யாழ்ப்பாணம் வலிகாமப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் சந்தாக் கணக்கைக் கணினியில் பார்த்துக்கொள்வது எனது பொறுப்பு. என் கைக்கு வந்தபோது அது ஒரு பழைய எக்ஸெல் கோப்பாக இருந்தது. எங்கள் பாடநூல் வழக்கப்படி கிடையாகப் போவது நிரை, நிலைக்குத்தாக இறங்குவது நிரல். முதல் நிரலில் மேலிருந்து கீழாகத் தலைப்புகள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம், சேர்ந்த திகதி, அதன்பின் தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதங்கள். ஆக 16 நிரைகள். 17ஆவது நிரையில் ஒவ்வொருவரின் கூட்டுத்தொகை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் வலப்பக்கத்தில் அவருக்கென்று ஒரு நிரல். கடதாசிப் பதிவேட்டில் இடம் முடிந்ததும் பக்கத்தை நீட்டி ஒட்டுவதுபோலச் செய்துகொண்டே போயிருக்கிறார்கள்.

255 அங்கத்தவர்கள் ஆனதும் கோப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 256 நிரல்கள்தான் உண்டு. கடைசி நிரலின் பெயர் ‘ஐவி’. தலைப்புகளுக்கு ஒன்று போனால் மிச்சம் 255. சேர வந்த 256ஆவது ஆளுக்கு எழுத இடமில்லை. கீழ்நோக்கி உள்ள 65,536 நிரைகளிலோ, 17 போக மிச்சமெல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

எனவே நிரல் நிரையாக வேண்டும், நிரை நிரலாக வேண்டும். ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு முறை என்றால் மேக்ரோ, அதாவது எக்ஸெல் தானாகச் செய்யும்படி நாம் எழுதி வைக்கும் கட்டளைத் தொடர், தேவையில்லை. அட்டவணையைத் தெரிவுசெய்து பிரதி எடுங்கள். வேறொரு வெற்றுத் தாளில் ஒரு கலத்தைத் தொட்டு, கன்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘ட்ரான்ஸ்போஸ்’ என்பதற்கு அடையாளமிட்டால் வேலை முடிந்தது. வெட்டி எடுத்திருந்தால் அந்த வசதி கிடைக்காது. பிரதிதான் எடுக்க வேண்டும். அட்டவணை எக்ஸெலின் ‘டேபிள்’ வடிவில் இருந்தாலும் கிடைக்காது. அதை முதலில் சாதாரண வீச்சாக (வெறும் கலத் தொகுதியாக) மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஆண்டுக்கு ஒன்றாகப் பதினொரு கோப்புகள் இருந்தன. அதனால்தான் மேக்ரோ எழுதினேன். புரட்டும் வேலை ஐந்தாறு வரிகளில் முடிந்தது. புரட்டிய பின் கலங்களுக்குள் நடந்த சேதங்களைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் பல இரவுகள் போயின. இலக்கம் போலத் தெரிவது எழுத்தாக இருக்கும், திகதி போலத் தெரிவது இலக்கமாக இருக்கும், தமிழ் போலத் தெரிவது ஆங்கில எழுத்தாக இருக்கும். மேக்ரோ கலத்தின் உள்ளே கிடப்பதைத்தான் எடுத்துச் செல்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதை எடுத்துச் செல்வதில்லை. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அதுதான்.

எங்கள் பாடநூல் வழக்கப்படி கிடையாகப் போவது நிரை, நிலைக்குத்தாக இறங்குவது நிரல். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். மேக்ரோ எழுதும் எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும்.

எதற்கும் முன்னே கோப்பைப் பிரதி எடுத்து வேறு பெயரில் வையுங்கள். மேக்ரோ ஓடி முடிந்தபின் கன்ட்ரோல் இசட் அழுத்தி மீள முடியாது. மேக்ரோ தாளில் எதையாவது மாற்றியவுடன், அதற்கு முன் நீங்கள் கையால் செய்த மாற்றங்களின் மீள் பட்டியலும் சேர்ந்தே அழிந்துவிடும். இதை நான் ஒரு மாதத்துச் சந்தாப் பதிவைத் தொலைத்துத்தான் அறிந்தேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் பத்திரமாக இருந்தபடியால் திரும்ப எழுத முடிந்தது.

சரியாக ஓடும் மேக்ரோவின் அமைப்பு

ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஒரு நல்ல வடிவம் வேண்டும். என்னுடையது இந்த ஒழுங்கில் நடக்கிறது.

மூலத் தாளை ‘செட்’ என்ற சொல்லை இட்டு ஒரு மாறியில் (மேக்ரோ நினைவில் வைக்கும் பெயரில்) பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாளின் 16 நிரை, 256 நிரல் கொண்ட வீச்சை ‘வேல்யூ2’ (கலத்தின் உள்ளே கிடக்கும் மதிப்பைத் தரும் கட்டளை) மூலம் ஒரே மூச்சில் நினைவகத்து அணியாக, அதாவது நிரை நிரலாக அடுக்கிய மதிப்புகளின் தொகுதியாக, வாசிக்கிறது. அடுத்து ‘ரீடிம்’ கொண்டு 256 நிரை, 16 நிரல் உள்ள வெற்று அணி ஒன்றை உண்டாக்குகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ‘ஃபார்’ சுற்றுகள். உள்ளே ஒரே வரி: புதிய அணியில் ஜே, ஐ இடத்துக்குப் பழைய அணியின் ஐ, ஜே மதிப்பு (பழைய அணியில் ஐ நிரை எண், ஜே நிரல் எண்). பிறகு புதிய தாளைச் சேர்த்து, அதன் 2ஆம், 3ஆம் நிரல்களை எழுத்து வடிவுக்கு மாற்றுகிறது. அதன் பிறகே முதற் கலத்திலிருந்து ‘ரீசைஸ்’ செய்து, அதாவது எழுதும் இடத்தை அணியின் அளவுக்கு விரித்து, அணியைக் கொட்டுகிறது. கடைசியாக 4ஆம் நிரலுக்குத் திகதி வடிவம் கொடுக்கிறது.

‘அப்ளிகேஷன் ட்ரான்ஸ்போஸ்’ என்று ஒரே வரியில் முடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அந்த வரியை நானும் முதலில் நம்பினேன். அது ஏன் வேண்டாம் என்பது திகதிப் பகுதியில் புரியும்.

அறிகுறி: மேக்ரோ ஓடவே மறுக்கிறது

கோப்பைத் திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை வந்து, மேக்ரோ தடுக்கப்பட்டது என்று சொல்கிறதா? 2022 முதல், இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பை மூடிவிட்டு, அதன் மேல் வலச் சொடுக்கி ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்தால், அடியில் ‘அன்பிளாக்’ என்ற சதுரம் இருக்கும். அதற்கு அடையாளமிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். அனுப்பியவரை உங்களுக்கு நேரில் தெரிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மின்னஞ்சலில் வந்த கோப்பு தடுக்கப்படும், அதே கோப்பு பென் டிரைவில் வந்தால் இந்தச் சிவப்புப் பட்டை இல்லாமல் திறக்கும். இதைப் பார்த்துக் கோப்பு பழுதென்று நினைத்துவிட வேண்டாம். இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ் கோப்போடு ஒட்டி வைக்கிறது. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் வடிவமைப்பு அந்த முத்திரையைச் சுமப்பதில்லை.

நேற்று ஓடிய மேக்ரோ இன்று கோப்பில் இல்லவே இல்லை என்றால், சாதாரண எக்ஸெல் கோப்பாகச் சேமித்திருக்கிறீர்கள். அந்த வடிவம் மேக்ரோவை வைத்திருக்காது. ‘மேக்ரோ எனேபிள்டு’ வகையில் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது எக்ஸெல் எச்சரித்துத்தான் கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறோம்.

அறிகுறி: பிழை எதுவும் வரவில்லை, ஆனால் புதிய தாள் வெறுமையாக இருக்கிறது

புதிய தாளைச் சேர்த்தவுடன் அதுதான் செயற்படும் தாளாகிவிடும். அதற்குப் பின்னே வரும் வரியில் தாளின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே ‘ரேஞ்ச்’ அல்லது ‘செல்ஸ்’ என்று எழுதியிருந்தால், மேக்ரோ அந்த வெற்றுத் தாளையே வாசித்து, வெறுமையையே புரட்டி எழுதும். மூலத் தாளை முன்கூட்டியே மாறியில் பிடித்து, ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் அந்த மாறியை எழுதுங்கள். அப்படி எழுதும்போது ‘செட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பிழை 91 வரும்.

அறிகுறி: அங்கத்தவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை

முதன்முறை நான் புரட்டிய தாளை எங்கள் பொருளாளர் அக்காவிடம் காட்டினேன். விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனவர், “தம்பி, எனது பெயர் எங்கே? எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஒருவரும் இல்லையே” என்றார். உண்மைதான். 91 பேரோடு பட்டியல் முடிந்திருந்தது.

அட்டவணையின் எல்லையைக் கண்டுபிடிக்க ‘கரண்ட்ரீஜன்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தேன். முற்றிலும் வெறுமையான ஒரு நிரலையோ நிரையையோ கண்டால், அட்டவணை அங்கே முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். குடும்பத்தோடு வெளிநாடு போன ஓர் அங்கத்தவரின் நிரலை யாரோ முழுவதும் துடைத்து வைத்திருந்தார்கள். நிரலை நீக்கவில்லை, உள்ளே இருந்ததை மட்டும் அழித்திருந்தார்கள். அந்த வெற்று நிரல் ஒரு சுவராக நின்றுவிட்டது.

முதல் நிரையின் வலக்கோடிக் கலத்திலிருந்து இடப்பக்கமாக வந்து கடைசிப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். ‘எண்ட்’ கட்டளைக்கு இடப்பக்கத் திசை கொடுப்பதே அதற்கு வழி. நடுவில் எத்தனை வெற்று நிரல்கள் இருந்தாலும் அது ஏமாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எங்கள் கோப்பில் வலக்கோடிக் கலமான ஐவியிலேயே ஒரு பெயர் இருந்தது. கலம் நிறைந்திருந்தால், அங்கிருந்து இடப்பக்கமாகப் போகும் ‘எண்ட்’ அதைத் தாண்டி, தொடரின் மறுமுனைக்கு ஓடிவிடும். எனவே கடைசிக் கலம் நிறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு ‘இஃப்’ வரி வேண்டும்.

‘யூஸ்ட்ரேஞ்ச்’ என்பதை எடுத்தால் நேர்மாறான தொல்லை. யாராவது எங்கேயோ ஒரு வெற்றுக் கலத்துக்கு நிறம் பூசியிருந்தால், அதுவரை எல்லாவற்றையும் அட்டவணை என்று எண்ணிவிடும். புரட்டிய பின் அடியில் நீளமாக வெற்று நிரைகள் தொங்கினால் காரணம் அதுதான்.

அறிகுறி: இடப்பக்கம் சரி, கியூ நிரலிலிருந்து ‘என்/ஏ’ நிரம்பிக் கிடக்கிறது

இது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். திருத்துவது மிக எளிது. அணியைப் புரட்டிவிட்டீர்கள், ஆனால் ‘ரீசைஸ்’ வரியில் அளவைப் புரட்ட மறந்துவிட்டீர்கள். 256 நிரை, 16 நிரல் உள்ள அணியை 16 நிரை, 256 நிரல் உள்ள இடத்தில் கொட்டினால், எக்ஸெல் முதல் 16 நிரைகளை மட்டும் எடுத்து எழுதும். 17ஆவது நிரலுக்குக் கொடுக்க அணியில் ஒன்றும் இல்லாததால் அங்கிருந்து வலப்பக்கம் முழுவதும் ‘என்/ஏ’ என்று நிரப்பும். ஆங்கில அகரவரிசையில் 17ஆவது எழுத்துத்தான் கியூ. பிழை தொடங்கும் நிரலின் எழுத்தைப் பார்த்தாலே எந்த அளவு புரளவில்லை என்று சொல்லிவிடலாம்.

‘என்/ஏ’ ஒன்றும் இல்லாமல் அடியில் ஆட்கள் குறைந்தால், எழுதும் இடம் அணியைவிடச் சிறியதாக இருக்கிறது. இதற்கு எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தராது, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் அளவுகளைக் கையால் தட்டாமல் அணியிடமே ‘யூபவுண்ட்’ மூலம் கேட்டு எழுதுவது நல்லது.

புதிய அட்டவணைக்கு வலப்பக்கம் பழைய அட்டவணையின் மிச்சம் தெரிகிறதா? அதே தாளில், அதே இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முன்பு 256 நிரல்கள் அகலமாக இருந்தது இப்போது 16 நிரல்கள்தான். எஞ்சியவை அப்படியே நிற்கின்றன. எப்போதும் புதிய தாளில் எழுதுங்கள்.

அறிகுறி: கைபேசி இலக்கத்தின் முன்பூச்சியம் காணாமற்போகிறது; அடையாள அட்டை இலக்கம் 1.998இ+11 என்பதுபோல ஆகிறது

எங்கள் நாட்டுக் கோப்புகளில் இதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் கவனிக்கப்படாமலும் போகிறது. 077 என்று தொடங்கும் இலக்கம் மூலத்தில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மேக்ரோ அதை எழுத்தாகவே வாசிக்கும். ஆனால் புதிய தாளின் கலம் பொது வடிவில் இருப்பதால், எழுதும் கணத்தில் எக்ஸெல் அதை எண் என்று முடிவு செய்து, முன்னால் நிற்கும் பூச்சியத்தைக் களைந்துவிடும்.

அடையாள அட்டையில் சேதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இராது. பழைய வகை அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து இருப்பதால் எக்ஸெல் அதைத் தொடுவதில்லை. 2016 முதல் வந்த புதிய வகை பன்னிரண்டு இலக்கங்கள், பிறந்த ஆண்டில் தொடங்கும். பொது வடிவக் கலம் பதினோர் இலக்கங்கள் வரைதான் முழுமையாகக் காட்டும். பன்னிரண்டானால் அடுக்குக்குறி வடிவத்துக்குத் தாவிவிடும். ஆகவே மூத்த அங்கத்தவர்களின் இலக்கங்கள் சரியாகத் தெரியும், இளையவர்களின் இலக்கங்கள் சிதைந்து தெரியும். பட்டியலின் மேற்பகுதியில் மூத்தவர்கள்தானே இருப்பார்கள். மேலே நாலு பேரைப் பார்த்துவிட்டுச் சரி என்று மூடிவிடுவோம். அப்படி மூடிவிடாதீர்கள்.

திருத்தம்: எழுதுவதற்கு முன்னே அந்த இரண்டு நிரல்களின் ‘நம்பர்ஃபார்மட்’ பண்பை எழுத்து வடிவுக்கு, அதாவது ‘அட்’ குறிக்கு மாற்றுங்கள். எழுதிய பின் மாற்றினால் பயனில்லை. போன பூச்சியம் திரும்பாது. அடையாள அட்டை இலக்கத்தைப் பொறுத்தவரை எண் உள்ளே முழுமையாகவே இருக்கும், ஏனென்றால் எக்ஸெல் 15 இலக்கங்கள் வரை பிசகாமல் வைத்திருக்கும். 15ஐத் தாண்டும் வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தால், அதற்குப் பின்னுள்ள இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். அதை மூலத்திலிருந்துதான் மீட்க வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. மூலத்திலேயே கைபேசி இலக்கம் எண்ணாக இருந்து, பத்து இலக்கம் காட்டும் வடிவத்தால் மட்டும் பூச்சியம் தெரிந்திருக்கலாம். கலத்தைத் தொட்டு மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இல்லையென்றால் கலத்துக்குள்ளும் இல்லை. அப்போது புதிய நிரலுக்கும் அதே பத்து இலக்க வடிவத்தைக் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பயந்து முழுத் தாளையும் எழுத்து வடிவுக்கு மாற்றிவிடாதீர்கள். சந்தாத் தொகைகளும் எழுத்தாகிவிடும். கூட்டினால் பூச்சியம் வரும். தொகைகள் கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் நடந்திருக்கிறது.

அறிகுறி: திகதிகள் சில சரி, சில பிழை

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றப் பிழைகள் கண்ணில் படும், இது படாது.

2019 மாசி 4ஆம் திகதி சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம்: 04/02/2019. ‘வேல்யூ’ மூலம் வாசித்தால் மேக்ரோவுக்கு அது திகதியாகவே கிடைக்கும். ‘ட்ரான்ஸ்போஸ்’ அதைத் திகதியாக வைத்திருக்காமல், கணினியின் திகதி வடிவப்படி எழுத்தாக மாற்றிவிடும். அந்த எழுத்தைக் கலத்தில் போடும்போது மேக்ரோ அமெரிக்க முறைப்படி, மாதம் முதலில், நாள் பிறகு என்று வாசிக்கும். முடிவில் அவர் சித்திரை 2ஆம் திகதி சேர்ந்தவராகிவிடுவார். கலம் பார்ப்பதற்கு எந்தக் குறையுமின்றி ஒரு திகதியாகவே நிற்கும்.

25/02/2019 என்றால் 25ஆவது மாதம் கிடையாது. அதனால் அது தப்பிவிடும், அல்லது எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். நாள் 12 அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். அவர்களிலும் 05/05 போல இரண்டும் ஒன்றானவர்களுக்குச் சேதமில்லை. அங்கத்துவக் காலத்தை வைத்து நிருவாக சபைத் தேர்தலில் வாக்குரிமை பார்க்கும் ஓர் அமைப்பில், இரண்டு மாதம் முன்பின்னாவது சிறிய விடயம் அன்று.

‘வேல்யூ2’ எடுத்தால் இந்த ஆபத்து இல்லை. அது திகதியைத் திகதியாகத் தராமல் எக்ஸெல் உள்ளே வைத்திருக்கும் வரிசை எண்ணாகத் தரும். மாசி 4க்கு அந்த எண் 43500. சித்திரை 2 என்றால் 43557. எண்ணுக்கு நாள் முதலா மாதம் முதலா என்ற குழப்பம் இல்லை. புரட்டிய பின் சேர்ந்த திகதி நிரலில் 43500 என்று தெரிந்தால் அஞ்ச வேண்டாம். திகதி மாறவில்லை, உடுப்பு மட்டும் கழன்றிருக்கிறது. அந்த நிரலுக்குத் திகதி வடிவம் கொடுத்தால் 04/02/2019 திரும்பி வரும்.

ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு கையில் இருந்தால், நாளையும் மாதத்தையும் சூத்திரத்தால் திருப்பிப் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். எது மாறியது, எது இயல்பாகவே அப்படி இருந்தது என்று கலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூலப் பிரதியிலிருந்து திரும்பப் புரட்டுவதுதான் நேர்மையான வழி.

அறிகுறி: பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிட்டன

பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கின்றன. இலங்கையில் அச்சகங்கள் முதல் கிராம அமைப்புகள் வரை பாமினியில் தட்டிப் பழகியவர்கள் ஏராளம். அந்தக் காலக் கோப்புகள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று தெரியும் கலத்துக்குள் உண்மையில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலத் தட்டல்கள். அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. நம் மேக்ரோ மதிப்பை மட்டும் கொண்டுபோகிறது, எழுத்துருவைக் கொண்டுபோவதில்லை. புதிய தாளின் இயல்பு எழுத்துருவில் அந்த ஐந்து தட்டல்களும் தம் சொந்த உருவில் நிற்கும். தரவு அழியவில்லை.

உடனடித் திருத்தம், புதிய தாளின் முதல் நிரலுக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுப்பது. புரட்டிய பின் பெயர்கள் எல்லாம் ஒரே நிரலுக்கு வந்துவிட்டதால் இது ஒரு வரி வேலை. தலைப்பு யூனிகோட்டில் (உலகப் பொதுக் குறியீட்டு முறையில்) இருந்தால் முதற் கலத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் நிலையான திருத்தம், பெயர்களை யூனிகோட்டுக்கு மாற்றுவதுதான். பாமினிப் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் எக்ஸெல் ஆங்கில எழுத்தின் ஒழுங்கில் அடுக்கும். கைபேசியில் கோப்பைத் திறந்தால் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. பாமினியை யூனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. இப்போது பெயர்கள் ஒரே நிரலில் இருப்பதால் மொத்தமாகப் பிரதி எடுத்து, மாற்றி, அதே ஒழுங்கில் ஒட்டிவிடலாம். மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். பெயர் ஒருவருக்குச் சொந்தமானது; அதில் ஒரு கொம்பு இடம் மாறினாலும் அவருக்கு மனம் நோகும்.

அறிகுறி: தாளின் தமிழ்ப் பெயர் எடிட்டரில் கேள்விக்குறிகளாகிறது, பிழை 9 வருகிறது

மேக்ரோ எடிட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ‘தை’ என்ற தாளை அழைக்க மேற்கோளுக்குள் தமிழில் தட்டினால் அது கேள்விக்குறிகளாகிவிடும். அந்தப் பெயரில் தாள் இல்லாததால் பிழை 9. தாளின் பெயரை ஒரு கலத்தில் எழுதி வைத்து, மேக்ரோவை அந்தக் கலத்திலிருந்து வாசிக்கச் சொல்வது எளிய வழி. கலத்துக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். மேக்ரோவுக்குள்ளேயே எழுத வேண்டுமென்றால் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற சார்புக்கு எழுத்தின் யூனிகோட் எண்ணைக் கொடுங்கள். தை என்பது 2980, 3016 என்ற இரண்டு எண்கள். கண்ணுக்கு ஐகாரக் குறி முன்னால் தெரிந்தாலும், உள்ளே தகரம் முதலில், குறி பிறகு. ஒழுங்கு மாறினால் மறுபடி பிழை 9 தான்.

எண்ணோடு வரும் மற்றப் பிழைகள்

பிழை 1004 வந்தால், பெரும்பாலும் எழுதும் இடம் போதவில்லை அல்லது ஒன்றிணைத்த கலங்கள் குறுக்கே நிற்கின்றன. புதிய வடிவக் கோப்பில் 1,048,576 நிரைகள் உண்டு, ஆனால் நிரல்கள் 16,384 மட்டுமே. அதைவிட நீளமான பட்டியலை நிரல்களாக விரிக்க முடியாது. பழைய வடிவக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் புதிதாகச் சேர்க்கும் தாளுக்கும் 256 நிரல் எல்லைதான். பிரதி எடுத்து ஒட்டும் வகை மேக்ரோவானால், ஒட்டும் இடம் மூல அட்டவணையின் மேல் விழுந்தாலும் இதே பிழை.

ஒன்றிணைத்த கலத்தை அணி வழியாக வாசித்தால் பிழை வராது, வேறொன்று நடக்கும்: மேல் இட மூலைக் கலத்தில் மட்டும் மதிப்பு இருக்கும், மற்றவை வெறுமை. புரட்டுவதற்கு முன் இணைப்பைப் பிரித்து, விடுபட்ட இடங்களை நிரப்புங்கள்.

பிழை 13க்கு முதற் காரணம், ஒரே ஒரு கலத்தை வாசித்துவிட்டு அதை அணியாக நடத்துவது. ‘ட்ரான்ஸ்போஸ்’ பயன்படுத்தியிருந்தால், 255 எழுத்துகளுக்கு மேற்பட்ட குறிப்பு உள்ள கலத்தாலும் பல பதிப்புகளில் வரும். அதே கட்டளை 65,536க்கு மேற்பட்ட நிரைகளிலும் தடுமாறும். பிழை காட்டாமல் வெட்டிவிடுவதும் உண்டு. ஒரே நிரலைக் கொடுத்தால் ஒற்றைப் பரிமாண அணியாகத் திருப்பும், அதில் இரண்டாம் பரிமாணத்தைக் கேட்டால் பிழை 9. இரட்டைச் சுற்றுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. பிழை 6 வந்தால், எண்ணும் மாறியை ‘இன்டிஜர்’ என்று அறிவித்திருக்கிறீர்கள்; அது 32,767க்கு மேல் எண்ணாது, ‘லாங்’ என்று மாற்றுங்கள்.

லிப்ரே ஆபிஸில் வேலை செய்பவர்களுக்கு: 7.4 பதிப்புக்கு முன் நிரல் எல்லை 1,024; அதன்பின் 16,384.

அறிகுறி: கூட்டுத்தொகை உறைந்து நிற்கிறது, அல்லது ‘ரெஃப்’ பிழை காட்டுகிறது

அணி வழியாகப் புரட்டினால் சூத்திரம் வராது, அந்த நேரத்து விடை மட்டும் வரும். பிறகு ஒருவரின் மாசிச் சந்தாவைத் திருத்தினாலும் கூட்டுத்தொகை அசையாது. சூத்திரத்தோடு ஒட்டினால், டாலர் குறி இல்லாத கல முகவரிகள் புதிய இடத்துக்கேற்ப மாறும்; அட்டவணைக்கு வெளியே சுட்டியவை வேறெங்கோ சுட்டலாம், அல்லது சுட்டக் கலம் இல்லாமல் ‘ரெஃப்’ காட்டலாம். நான் 17ஆவது நிரையை எடுக்காமலே விட்டுவிடுகிறேன். புரட்டிய பின் 17ஆவது நிரலில் கூட்டல் சூத்திரத்தைப் புதிதாக எழுதி அடிவரை இழுத்தால் போதும்.

முடிந்தபின் சரிபார்க்கும் முறை

மேக்ரோவின் கடைசியில் இன்னோர் இரட்டைச் சுற்றைச் சேர்த்திருக்கிறேன். புதிய தாளை மறுபடியும் ‘வேல்யூ2’ மூலம் வாசித்து, மூலத்தின் ஐ, ஜே மதிப்பும் புதியதன் ஜே, ஐ மதிப்பும் ஒன்றா என்று 4,096 கலங்களிலும் ஒப்பிடும். ஒன்றாக இல்லாத கலத்துக்கு மஞ்சள் நிறம் பூசும். பூச்சியம் இழந்த கைபேசி இலக்கம் இதில் தப்பாது, ஏனென்றால் மூலத்தில் எழுத்து, இங்கே எண்; மேக்ரோவுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. இடம் மாறிய திகதியும் தப்பாது, 43500 வேறு, 43557 வேறு.

இதற்குப் பிறகும், அச்சிட்ட தாளைப் பொருளாளர் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவர் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளோடு பத்துப் பேரை ஒப்பிடுவார். அந்தப் பத்துப் பேரில் புதிய அடையாள அட்டை உள்ள ஓர் இளையவரும், மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களுக்குள் சேர்ந்த ஒருவரும், அந்த வெற்று நிரலுக்குப் பின் வந்த ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினோராவது கோப்பில் மஞ்சள் ஒன்றும் விழவில்லை. அதைப் புதிய வடிவில் சேமித்து, 257ஆவது நிரையில், சேர வந்து காத்திருந்த 256ஆவது அங்கத்தவரின் பெயரைத் தட்டினோம்.